மூன்று கரண்டி மா

செவ்வாயும் வெள்ளியும் என் கைப்பைக்குள்
பனடோல் அட்டைக்கும் பஸ் சில்லறைக்கும் நடுவே
மூன்று கரண்டி கோதுமை மா,
முடிச்சுப் போட்ட சொப்பிங் பையில்.

பசைக்கு.

கொன்சி அக்கா அதைத் தண்ணீரில் கரைத்து
கட்டிபடாமல் கிண்டுவா, வலப்பக்கமாக மட்டும்.
மாறிக் கிண்டினால் ஒட்டாதாம்.
ஒட்டுகிறது; நான் ஏன் கேள்வி கேட்க?

பாசையூர் முன்பள்ளியில் பிள்ளைகள் இருபத்தொன்று,
கத்தரிக்கோல் ஏழு.
நாலு வெட்டும்.
மற்ற மூன்றும் கடதாசியைச் சப்பித் துப்பும்.

இன்றைக்குக் கப்பல்.
பழைய பேப்பர் கொண்டு வாருங்கள் என்றால்
எல்லா வீட்டிலிருந்தும் மரண அறிவித்தல் பக்கம்தான் வருகிறது.
பாசையூரைப் பிறப்பிடமாகவும்
கனடாவை வதிவிடமாகவும் கொண்டிருந்த ஒரு ஐயா
அனோஜிதாவின் பாய்மரத்தில்
தலைகீழாக, கோட்டும் ரையுமாக
ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்.
மூக்கில் பசை.

மெல்றோய்க்குப் பாய்மரம் பிடிக்கவில்லை.
"எஞ்சின் இல்லாட்டி எப்பிடி ரீச்சர் போறது?"
சோடாப் போத்தல் மூடியைப் பின்பக்கம் அழுத்தி
இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான்
பால் குடிக்கிற நேரம் வரை.
கையை எடுத்தால் விழும் என்று அவனுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு திவ்ஷாவின் அம்மா வந்தா.
மீன் சந்தையிலிருந்து நேரே;
செதிள் ஒன்று முழங்கையில் மினுங்கியது.
மகளின் தலைமயிரில் காய்ந்ததை
நகத்தால் உரித்து மணந்து பார்த்தா.
"கோதம்ப மாவோ?"
"ஓம்."
"ரொட்டி சுடலாமே, ரீச்சர்."
கோபமில்லை அந்தக் குரலில். மீனுக்கு விலை கேட்பது போலத்தான்.
மூன்று கரண்டிக்கு ஒரு ரொட்டி வரும், அதுவும் சின்னன்.
சொல்லவில்லை.
எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு அது.

கப்பல்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பூட்டினோம்.
வியாழன் மேற்பார்வையாளர் வருவா;
'காட்சிப்படுத்தல்' என்று அவவின் படிவத்தில் ஒரு பெட்டி உண்டு.

புதன் விடிய, எறும்பு.
யன்னல் இடுக்கிலிருந்து சுவர் முழுக்க ஒரே கோடு.
பசையைத் தின்று கப்பல்களைக் கழற்றிவிட்டிருந்தன,
பதின்மூன்று தரையில்.
கனடா ஐயா ஒரு மூலையில் மட்டும் தொங்கினார்.
எனக்கு அழுகை வரப் பார்த்தது.
பிள்ளைகளோ குப்புறப் படுத்துவிட்டார்கள், வரிசையாக,
நாடி சீமெந்தில் முட்ட.
"ரீச்சர், எங்கட கப்பலைச் சாப்பிடுது!"
பிறந்தநாள் கேக் வந்தால்கூட
இப்படி ஒரு சத்தம் இங்கே எழும்பினதில்லை.

திவ்ஷா கறுப்புக் கிறெயோனோடு எழும்பினாள்.
விழுந்த கப்பல் இருந்த இடமெல்லாம்
புள்ளி, புள்ளிக்குக் கால்,
சுவரிலேயே.
நான் மறிக்கவில்லை. மறிக்க நினைத்தபோது
இன்னும் ஆறு பேர் சுவரில்.

"இது என்ன?" மேற்பார்வையாளர் கேட்டா.
"எறும்பு."
"அப்ப இது?"
"அதின்ர தம்பி."
"ஏன் இவ்வளவு பெருசு?"
"கப்பல் சாப்பிட்டவர்."
கொன்சி அக்கா கூரைத் தகரத்தைப் பார்த்தபடி நின்றா.
பெட்டிக்குள் என்ன போட்டாவோ, படிவத்தை மடித்துவிட்டா.

வெள்ளி காலை
திவ்ஷாவின் அம்மா படலையடியில் வைத்து
ஒரு போத்தலை என் கையில் திணித்தா, இன்னும் சூடு.
"சோறு வடிச்ச கஞ்சி. எப்பிடியும் ஊத்துறதுதான்.
ஒட்டுமோ தெரியாது."
சந்தைக்கு நேரமாகிவிட்டது அவவுக்கு.

என் மா முடிச்சு அவிழாமல் பைக்குள் இருந்தது.
கொன்சி அக்கா கஞ்சியையும் வலப்பக்கமாகவே கிண்டினா.

ஒட்டியது.
பதினொரு மணி வரைக்கும்.
பிறகு ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல்,
சுவரை விட்டு இறங்கின கப்பல்கள்.

மெல்றோய் மட்டும்
இரண்டு கையையும் எடுக்கவேயில்லை.